தோல் வெறும் உறைதானா?

கேள்வி: உடம்பில் எத்தனையோ திசுக்கள் இருக்க, தோலுக்கு மட்டும் ஏன் இத்தனை மரியாதை? அது வெறும் உறைதானே?
- ஒரு வாசகர், வல்லார்பாடம்

பதில்: அந்த உறையின் அதிகாரத்தை உங்கள் கொச்சியிலேயே பார்க்கலாம். 2015 ஜனவரியில் இந்தியாவின் முதல் கை மாற்று அறுவை சிகிச்சை அங்குள்ள அமிர்தா மருத்துவமனையில்தான் நடந்தது. ஒரு கைக்குள் மேல்திசு, இணைப்புத்திசு, தசை, நரம்பு என நான்கு வகையும் அடக்கம். மூட்டு தேயாமல் வழுக்குநீர் சுரக்கும் சவ்வும் உண்டு. எலும்பைத் தகடு வைத்து முடுக்கிவிடலாம், தசைநாரைத் தைத்துவிடலாம். வம்பு தோலில்தான். நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே அடர்த்தி என்பதால், வந்த கை அந்நியம் என்று உடம்பு மோப்பம் பிடிப்பதும், சிவந்த தடிப்பாக முதல் புகார் கிளம்புவதும் பெரும்பாலும் அங்கேதான்.

‘கருவிழியும் வெளிப்படலம்தானே, அதைச் சுலபமாக மாற்றுகிறார்களே?’ என்பீர்கள். அதில் இரத்தக் குழாயே இல்லை. போலீஸ் வரச் சாலை இல்லாத ஊர்! ‘அப்படியானால் நரம்பு?’ பெரிய மனிதர்தான். ஆனால் வளரும் வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். விரல் நுனிக்கு உணர்ச்சி வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். நரம்பு எப்படியும் ஒருநாள் வந்துவிடும். தோலைச் சமாதானப்படுத்தவோ, எதிர்ப்பை அடக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும்.