ஐந்தாம் நாள் கஷாயம்

இன்ஃப்ளூயன்ஸா என்பது, சாதாரணச் சளியைப் போல மூக்கோடு நின்றுவிடாமல், காய்ச்சல், உடல்வலி, அசதி ஆகியவற்றை ஒருசேரக் கொண்டுவந்து ஆளைச் சாய்த்துவிடும் வைரஸ் நோயாகும். கிருமி புகுந்த 1 முதல் 4 நாட்களுக்குள் அறிகுறிகள் தோன்றுகின்றன; அறிகுறிகள் தோன்றிய அரைமணிக்குள் ஆலோசகர்கள் தோன்றுகின்றனர்.

பாராசிட்டமால் விழுங்கி, வியர்த்து, தெர்மாமீட்டர் 98.6 காட்டிய பிறகும், பாட்டியின் புறங்கை நெற்றியைத் தொட்டு "உள்காய்ச்சல் இருக்கு" என்று தீர்ப்பளித்தால் அதற்கு மேல்முறையீடு இல்லை. உள்காய்ச்சலாவது, எந்தக் கருவியிலும் பதிவாகாத, ஆகவே எந்தக் கருவியாலும் மறுக்க இயலாத காய்ச்சல்.

அடுத்தது ஆவி பிடித்தல், அதாவது நொச்சித் தழை போட்டுக் கொதிக்கவைத்த நீரின் மேல் முகத்தைக் கவிழ்த்து, தலையோடு போர்வை போர்த்திக்கொள்ளுதல். மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மறந்த நோயாளி, இருட்டில், தன் மூக்கு நுனியிலிருந்து சொட்டும் துளி பாத்திரத்தில் விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருக்கையில், வெளியிலிருந்து "நல்லா இழு, நல்லா இழு" என்று தேர்த்திருவிழாக் குரல்கள் எழும். அடைத்த மூக்குக்கு இது சற்று இதம் தருவது உண்மையே, வைரஸைக் கொல்வதில்லை. பாத்திரம் கவிழ்ந்தால் வெந்நீர்க் காயம் தனிக் கணக்கு.

மருத்துவரிடம் போவதா வேண்டாமா என்பதற்கான குடும்ப ஆலோசனை பெரும்பாலும் 3 நாள் நடக்கிறது. ஓசெல்டாமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்தோ, முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பயன் தருவது. இடையில் எதிர்வீட்டுக்காரர், போன வருஷம் தமக்கு எழுதித்தந்து மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் அட்டையை அன்போடு நீட்டுவார். அம்மருந்து பாக்டீரியாவை மட்டுமே தாக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது என்று சொன்னால், கொடுத்த மனம் புண்படும்.

ஐந்தாம் நாள் சித்தி ஒரு செம்பில் கஷாயம் கொண்டுவருகிறார். அதில் இருப்பது திரிகடுகம், அதாவது சுக்கு, மிளகு, திப்பிலி என்ற மூன்று காரங்கள். இந்நோயில் காய்ச்சல் பெரும்பாலும் மூன்று நான்கு நாட்களில் தானே இறங்கிவிடுவதால், அன்று மாலை நோயாளி எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்கிறார். நான்கு நாள் கஞ்சி வைத்தவர், தைலம் தேய்த்தவர், ஆவிக்கு நீர் சுமந்தவர் எல்லாரும் ஒரே மடக்கில் தோற்றுப்போகின்றனர். எனினும் இருமல் இரண்டு வாரம்வரை நீளக்கூடியதாகையால், அடுக்களையில் அத்தை பாலில் மிளகையும் பனங்கற்கண்டையும் போட்டுக் காய்ச்சத் தொடங்கியிருக்கிறார்.