வெள்ளைத் தொப்பிக்கு முன்பணம்

சம்பளம் கொடுக்காமல் ஆளைப் பிடித்துவைத்து வேலை வாங்கினால் அது கொத்தடிமை. 1976-லேயே சட்டம் போட்டு ஒழித்தாயிற்று. வேலை செய்கிறவனே லட்சக்கணக்கில் பணம் கட்டிவிட்டு வந்து வேலை செய்தால் அதற்கு இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங் என்று பெயர். அதை ஒழிக்க யாரும் கிளம்பவில்லை. வளர்க்கத்தான் வங்கியில் கல்விக் கடன் வைத்திருக்கிறார்கள்.

பேஸ்ட்ரி செஃப் ஆகப்போகிறேன் என்று பிள்ளை சொன்னதும் பெற்றோர் ஏறி இறங்கும் தனியார் கேட்டரிங் காலேஜ்களைப் பாருங்கள். வாசலில் பேனர். உயரமான வெள்ளைத் தொப்பி, கையில் மூன்றடுக்குக் கேக், பின்னால் ஈபிள் கோபுரம். அந்தக் கோபுரத்துக்கும் காலேஜுக்கும் உள்ள ஒரே உறவு ஃபிளக்ஸ் அடித்துக் கொடுத்த கடைக்காரர்தான். உள்ளே நாற்பது பேருக்கு ஒரு ஓவன். மாவுக்குள் வெண்ணெயை வைத்து மூன்று தடவை மூன்றாக மடித்தால் குரோசானுக்கு 27 அடுக்கு வெண்ணெய் கிடைக்கும் என்று ஆசிரியர் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். வெண்ணெய் வாங்கப் பட்ஜெட் கிடையாது, மார்கரின்தான். ஏசி இல்லாத லேபில், சித்திரை வெயிலில், அதுவும் உருகி ஓடிவிடும். நோட்டில் 27 அடுக்கு, தட்டில் ஒன்று. (தரமணி அரசுக் கல்லூரி மாதிரி இடங்களை நான் சொல்லவில்லை. அங்கே நுழைவுத் தேர்வு உண்டு. அதில் இடம் கிடைக்காதவர்களை நம்பித்தான் இந்த பேனர்கள் நிற்கின்றன.)

அடுத்து நட்சத்திர ஓட்டலில் பயிற்சி. பிள்ளை அங்கே கலை கற்பான் என்றா நினைத்தீர்கள்? முட்டை உடைப்பான். வெள்ளைக்கரு ஒரு வாளி, மஞ்சள்கரு ஒரு வாளி. நாமக்கல் மாவட்டமே அவன் விரல் வழியாக ஒழுகிப் போகும். பிறகு டிரே கழுவுவான், பட்டர் பேப்பர் வெட்டுவான், பேங்க்வெட் இருக்கிற நாளில் நள்ளிரவு வரை குட்டிக் குட்டி டார்ட்டுகளுக்கு மேல் செர்ரி வைப்பான். உணவகத் தொழிலாளியின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டித் தமிழ்நாட்டில் 1958-லேயே சட்டம் வந்துவிட்டது. கேட்டுப் பாருங்கள், "அவன் தொழிலாளி இல்லை சார், டிரெய்னி" என்பார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-ல் சட்டம் வந்தது. கேக் அறையில் இருக்கிற ஒற்றை நாற்காலி முட்டை அட்டை உட்காரத்தான். பிள்ளை ஏன் வாய் திறப்பதில்லை? லாக் புக்கில் செஃப் கையெழுத்துப் போட்டால்தான் டிகிரி. கையெழுத்து விழும்வரை அவனுக்குத் தெரிந்த மொழி இரண்டே சொல்: "எஸ் செஃப்."

இந்தக் கூத்தின் உச்சம் கிறிஸ்துமஸுக்கு முன்பு வரும் கேக் மிக்ஸிங் விழா. முந்தின நாள் முழுக்க டிரெய்னிகள் நின்று பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் நறுக்கிக் குவித்திருப்பார்கள். மறுநாள் சாயங்காலம் நடிகை வருவார், தொழிலதிபர் வருவார், அவர் மனைவி வருவார். எல்லாருக்கும் கையுறை, ஏப்ரன், வெள்ளைத் தொப்பி. பிள்ளை ஆண்டுக்கணக்கில் கனவு கண்ட தொப்பி அவர்கள் தலையில் ஓசியில் ஏறும். ரம் பாட்டிலைக் கவிழ்ப்பார்கள், ஒருவர் மேல் ஒருவர் திராட்சை வீசிச் சிரிப்பார்கள், கேமரா மின்னும். மறுநாள் பேப்பரில் படம். படத்துக்குள் வராத பிள்ளைகள் கம்பளத்தில் நசுங்கிய திராட்சையை மண்டியிட்டுச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். இதுவும் லாக் புக்கில் ஏறும், 'பண்டிகைக் காலத் தயாரிப்பு அனுபவம்' என்று.

வெள்ளைக்கார நாட்டில் இப்படி நடக்குமா என்று கேட்காதீர்கள். உலகத்தின் தலைசிறந்த உணவகம் என்று பலமுறை பட்டம் வாங்கிய கோபன்ஹேகன் நோமா 2003-ல் திறந்தது; பயிற்சிக்கு வந்தவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது 2022-ல். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே, வழக்கமான உணவகத்தை மூடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். உழைப்புக்குக் காசு கொடுத்தால் தாங்காத உன்னதம்!

சரி, வேலையே கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அசல் சாக்லேட்டை உருக்கிப் பதமாக ஆற்றிப் பளபளப்பு வரவைக்கும் வித்தையை ஃபீஸ் கட்டிப் படித்தவனுக்கு, கடையில் காம்பவுண்ட் சாக்லேட் கட்டியை நீட்டுவார்கள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. அந்த வித்தையே தேவையில்லை. கேக்குக்கு பிரீமிக்ஸ் மூட்டை, மேலே பூச பாலே கலக்காத விப்பிங் கிரீம். கத்திரிக்கோலால் பாக்கெட் வெட்டத் தெரிந்தால் போதும்.

வித்தை தெரிந்தவர் வேறு இடத்தில் இருக்கிறார். தூத்துக்குடியில் கடற்காற்றின் ஈரத்தோடு மல்லுக்கட்டி, வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றையும் வைத்து மக்ரூன் சுடுகிறவர். அடுப்பு வாயில் கையை நீட்டியே சூடு சொல்வார். சிறுவனாக எடுபிடி வேலைக்கு வந்து கற்றவர், கையில் சான்றிதழ் இல்லை. அதனால் அவர் செஃப் ஆக முடியாது, மாஸ்டர்தான். கேட்டரிங் காலேஜ் அவரைப் பாடம் நடத்தக் கூப்பிடாது, தகுதி போதாதாம்! அவரிடம் தகுதி கேட்கிற நாக்குக்கு, அவர் சுட்ட மக்ரூன் மட்டும் இனிக்கிறது.

உள்ளூரில் வெறுத்தவன் உல்லாசக் கப்பலுக்கு ஆசைப்படுவான். ஏஜென்ட் தயார். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கிறவர் வேலை தேடுகிறவனிடம் கூலி வாங்கக் கூடாது என்று 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியாவும் 2015-ல் ஏற்றுக்கொண்டது. சட்டம் தெரிந்த ஏஜென்ட் கூலி வாங்க மாட்டார். 'டாக்குமென்டேஷன்' வாங்குவார், 'இன்டர்வியூ கோச்சிங்' வாங்குவார், ரசீது மட்டும் கொடுக்க மாட்டார். அம்மா கழுத்துச் சங்கிலி முதலில் கப்பலேறும்.

கப்பலும் வராமல், ஓட்டலிலும் தாக்குப்பிடிக்காமல் ஊர் திரும்புகிறவனைக் காலேஜ் கைவிடுவதில்லை. கூப்பிட்டு, பேஸ்ட்ரி இன்ஸ்ட்ரக்டர் என்று கழுத்தில் அட்டை மாட்டி, அடுத்த பேட்ச் நாற்பது பேர் முன்னால் நிறுத்துகிறது. முதல் மூன்று மாதம் சம்பளம் கிடையாது, புரொபேஷன். ஆனால் அந்த ஆண்டின் வேலைவாய்ப்புப் பட்டியலில் முதல் பெயர் அவனுடையதுதான்.