பாதி வழியில் தொலையும் பாக்கெட்டுகள்

கேள்வி: ஹைதராபாத்தில் 2025 ஆகஸ்டில் மின்கம்பக் கேபிள்களை வெட்டியபோது எங்கள் இணையமும் போனது. கம்பியில்லா பிராட்பேண்டுக்கு மாறினோம். ஸ்பீடு டெஸ்ட்டில் 100 எம்பிபிஎஸ். வீடியோ காலில் அம்மாவின் குரல் பாதிதான் வருகிறது. ஏன்?
– வாசகி, குக்கட்பல்லி

பதில்: அம்மா முழுசாகத்தான் பேசுகிறார், குரலைச் சுமக்கும் தரவுப் பாக்கெட்டுகள்தான் வழியில் தொலைகின்றன. டவுன்லோடில் தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கலாம். பேச்சில் அது முடியாது. பாயசம் சாப்பிட்டு எழுந்தபிறகு இலைக்கு வரும் அப்பளம் யாருக்கு?

முதலில் ரவுட்டருக்கே பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) கொடுங்கள், பெரும்பாலும் 192.168.1.1. அங்கேயே இழப்பு என்றால் குற்றவாளி வீட்டு வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றே. மொத்த அபார்ட்மெண்டும் அதில்தான் நெரிகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைக்காரர். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். லேன் கேபிள் இன்னும் உத்தமம்.

ரவுட்டர் வரை சுத்தம், வெளியே இணையத்தில் உள்ள 8.8.8.8-க்கு மட்டும் இழப்பா? மாடி ஆன்டெனாவைப் பார்க்கச் சொல்லுங்கள். எதிரே புதிதாக ஒரு தளம் எழும்பியிருக்கலாம், மரம் வளர்ந்திருக்கலாம். இரவு எட்டு மணிக்கு மட்டும் என்றால் டவரில் கூட்டம். பிங் முடிவுகளை நேரத்தோடு குறித்துப் புகாருடன் அனுப்புங்கள். ‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்பதோடு அவர்களால் முடித்துவிட முடியாது.