காபிக்கு முன் ஒரு கண்காட்சி

சேலத்தில் வெயில் நூறு டிகிரியைத் தாண்டும் வாரத்தில்தான் என் உறவினர்களுக்கு என் நினைவு வரும். தொலைபேசியை எடுத்தால், "உங்களையெல்லாம் பார்த்து எவ்வளவு நாளாச்சு!" என்று ஒரு குரல் உருகும். ஏற்காட்டில் வீடு வைத்திருக்கும் எல்லாருக்கும் இந்த உருக்கம் பழக்கம். மே மாதத்தில் விடுதிகளில் அறை கிடைக்காது. கிடைத்தாலும் வாடகை கட்டுபடியாகாது. ஆகவே பாசம் பொங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பையும் பிள்ளைகளுமாக என் வாசலில் வந்து நிற்கும். வந்தவர்களை நான் ஒருநாளும் முகம் சுளித்து வரவேற்றதில்லை. விடுதிக்காரர்கள் வாடகை வாங்குகிறார்கள். நான் பார்வையாளர்களை வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகு, பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் என்று சுற்றிவிட்டு வந்து விருந்தாளி சோபாவில் சாய்வார். அப்போது, காபி வருவதற்கு முன்னால், எங்கள் சாப்பாட்டு மேஜையில் நிரந்தரமாக நடக்கும் இன்னொரு கண்காட்சியையும் அவர் பார்த்தாக வேண்டும். துளை போட்ட இரும்புப் பட்டைகள், நட்டு போல்ட்டுகள், பித்தளைப் பல்சக்கரங்கள் இவற்றைக் கொண்டு நான் பூட்டிய இயங்கும் மாதிரிகள். 'இயங்கும்' என்பதை இப்போதைக்கு அப்படியே ஒப்புக்கொள்ளுங்கள், பின்னால் பேசிக்கொள்வோம். நாங்கள் எங்கே சாப்பிடுகிறோம் என்று கேட்காதீர்கள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவது உடம்புக்கு ஒன்றும் கெடுதல் இல்லை.

சின்ன வயதில் மெக்கானிக்ஸ் பெட்டி வைத்திருந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். பிறந்தநாளுக்கு வரும். புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து ஒரு கிரேன் பூட்டப்படும். அந்த வாரமே முக்கியமான நட்டு ஒன்று பீரோவுக்கு அடியில் உருண்டு போகும். அத்துடன் பெட்டி பரணேறிவிடும். இந்த வம்சத்துக்கெல்லாம் மூலபுருஷர் லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி. இறைச்சி இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், தம் பிள்ளைகள் விளையாடத் தகட்டை வெட்டித் துளை போட்டுக் கொடுத்தார். 1901-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1907-இல் மெக்கானோ என்று பெயர் வைத்தார். பெரும் பணக்காரராகி, 1931-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கே போய்விட்டார்.

அந்த மனிதரின் மூளை முழுவதும் துளைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில்தான் இருக்கிறது. எந்தப் பட்டையை எடுத்தாலும் துளைக்குத் துளை சரியாக அரை அங்குலம். அதனால் எந்தப் பட்டையும் எந்தப் பட்டையோடும் பொருந்தும். பல்சக்கரங்களும் அப்படியே. 57 பல் சக்கரத்தையும் 19 பல் சக்கரத்தையும் ஓர் அங்குல இடைவெளியில் பொருத்தினால் கச்சிதமாகக் கடித்துக்கொண்டு மூன்றுக்கு ஒன்று என்று சுற்றும். 50 பல்லையும் 25 பல்லையும் அதே துளைகளில் மாட்டினால் இரண்டுக்கு ஒன்று. இதை நான் விவரிக்கும்போது குரல் தழுதழுக்கும் என்று வீட்டில் புகார்.

"அவரும் கணக்கெழுதினவர், நீங்களும் கணக்கெழுதினவர்" என்றாள் என் மனைவி, ஹார்ன்பியின் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு. "அவர் இதை வித்துப் பணக்காரர் ஆனார். நீங்க வாங்கியே ஆயிடலாம்னு பார்க்கறீங்களா?"

என் சேகரம் கலப்படமானது. பாதி, என் பெரியப்பா சென்னை மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய பழைய மெக்கானோ. அந்த மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. பெரியப்பாவின் சிவப்பு பச்சைப் பட்டைகள் அதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் வீட்டுக்கு வந்து பிழைத்துக்கொண்டன. மீதிப் பாதி, என் மகன் பரணில் போட்ட மெக்கானிக்ஸ். இந்த இரண்டுக்கும் போதாத நட்டுகளைச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஹார்டுவேர் கடைகளில் பொறுக்குவேன். அங்கேதான் வினை. பெரியப்பா காலத்துப் போல்ட்டு ஓர் அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஐந்து பங்கு தடிமன். இன்றைய நான்கு மில்லிமீட்டர் நட்டு அதற்கு ஏறக்குறைய அதே அளவுதான். கையால் சுற்றினால் முதல் இரண்டு சுற்று சிநேகமாகப் போகும். பிறகு கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். பழைய போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 32 மரை, புதியதற்கு 0.7 மில்லிமீட்டருக்கு ஒன்று, இரண்டும் ஒத்துப்போகாது. இறுகிய நட்டைக் குறட்டால் நான் முறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த மச்சினன், "மரை கழண்டிருக்கு மாமா" என்றான். எதைச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

இரும்பை வைத்துக்கொண்டு ஏற்காட்டில் குடியிருப்பதே ஒரு துணிச்சல். சுமார் 1500 மீட்டர் உயரம். சன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து உட்காரும். உப்பு கசியும், அப்பளம் தளரும், பட்டைகள் துருப்பிடிக்கும். துருவுக்கு மருந்தாகவும் அச்சுகளுக்கு மசகாகவும் வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயை விட்டுப் பார்த்தேன். மே மாதத்தில் பிரமாதம். மார்கழியில், ஊட்டியிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் முன்னிலையில், என் கிரேன் கொக்கியைத் தூக்க மறுத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும் சரக்கு. எங்கள் ஊர் மார்கழியில் அது எப்படி இருக்கும் என்பது குளியலறை பாட்டிலைக் கவிழ்த்துப் பார்க்கும் யாருக்கும் தெரியும். இப்போது தையல் மெஷின் எண்ணெய் விடுகிறேன். அதிலிருந்து வீட்டுத் தையல் மெஷின் 'கடகட' என்று சத்தம் போடுவது வேறு விவகாரம்.

கண்காட்சியில் இப்போது உள்ளவை: அந்தக் கிரேன், காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் ஒன்று, ஒரு சின்னத் தறி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தார். அவர் நினைவாகத்தான் பல்ப்பர். உண்மையான பழத்தைப் போட்டால் அது நசுக்குமே தவிர உரிக்காது. ஆகவே பழம் போடாமல் சுற்றிக் காட்டுகிறேன். தறி விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. இளம்பிள்ளையிலிருந்து வந்த சித்தப்பா மகன் வீட்டில் தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவன். என் தறியை இரண்டு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏண்ணா, இதுல என்ன நெய்வீங்க, பூணூலா?" என்றான். மேலே எதுவும் சொல்லாமல் ஏரியைப் பார்க்கப் போய்விட்டான்.

ஆனால் மேஜையின் நடுநாயகம் டிஃபரென்ஷியல்தான். இதைச் செய்ய ஏற்காட்டை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். எவ்வளவு அதிகம்? இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அரைவட்டம் திரும்பி முடிக்கும்போது ஆறு மீட்டருக்குச் சற்று மேல். வளைவு அகலமோ குறுகலோ, இந்த வித்தியாசம் மாறாது. பள்ளிக்கூடத்தில் படித்த பை கணக்குத்தான். இரண்டு சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுக்கிப் பூட்டியிருந்தால் ஏதாவது ஒன்று தரையில் இழுபட்டுத்தான் திரும்ப வேண்டும். டயர் தேயும், அச்சு முறுக்கேறும். அதனால்தான் அச்சை நடுவில் வெட்டி, வெட்டிய இரு முனைகளிலும் பல்சக்கரம் வைத்து, அவற்றுக்கு இடையே சின்னப் பல்சக்கரங்களைச் சுழலவிட்டு, எல்லாவற்றையும் ஒரு கூட்டில் அடைத்திருக்கிறார்கள். இன்ஜின் அந்தக் கூட்டைச் சுற்றும். சுற்றை இரண்டு சக்கரங்களும் தேவைப்படி பங்கு போட்டுக்கொள்ளும். இருபது வளைவுகளையும் ஏறி வந்து, என் வாசலில் பச்சை முகத்தோடு இறங்கி எலுமிச்சம்பழத்தை முகர்கிற விருந்தாளிக்கு இதைவிட ஆறுதலான விஷயம் என்ன இருக்க முடியும்? இதை விளக்கும்போது சிலர் எழுந்து வேகமாகக் குளியலறைக்குப் போயிருக்கிறார்கள். அது வளைவுகளின் பாதிப்பு என்றே கருதுகிறேன்.

இந்த மாதிரியை மதித்த ஒரே ஆள் என் சகலை. சங்ககிரியில் லாரி வைத்திருக்கிறார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேஜையருகே குனிந்தார். "கிரவுன் இது, பினியன் இது. அட, சரியாத்தான் வச்சிருக்கீங்க சகலை!" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நான் என் அறையையே ஒழித்துக் கொடுத்தேன். பிறகு அவர் ஒரு சக்கரத்தை விரலால் பிடித்து நிறுத்திவிட்டு, கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். மற்றச் சக்கரம் பறந்தது. "பாத்தீங்களா, ஒண்ணு நின்னுட்டா இன்னொண்ணு ரெண்டு மடங்கு ஓடும். சேத்துல ஒரு டயர் மாட்டிக்கிட்டா இதே கதைதான். அது சும்மா சுத்தும், வண்டி நகராது."

சமையலறையிலிருந்து குரல் வந்தது: "அதைத்தான் கல்யாணம் ஆனதிலேர்ந்து நான் சொல்லிக்கிட்டிருக்கேன். இந்த வீட்ல ஒரு சக்கரம் நின்னேதான் இருக்கு."

சகலை கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இப்போது 'இயங்கும்' என்ற சொல்லுக்கு வருவோம். ராத்திரி பதினொரு மணிக்கு, நான் மட்டும் இருக்கும்போது, எல்லாம் இயங்கும். விருந்தாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் நின்றுவிடும். இதற்கு ஒரு காரணம் உண்டு. பல்சக்கரத்தை அச்சோடு பிடித்து வைத்திருப்பது ஒரேயொரு குட்டி ஸ்குரூ. அச்சோ வழவழவென்று உருண்டையானது. பாரம் ஏறினால் ஸ்குரூ கொஞ்சம் வழுக்கும், வழுக்கினால் தளரும், தளர்ந்தால் அச்சு மட்டும் சுற்றும், சக்கரம் வேடிக்கை பார்க்கும். "இப்பதான் ஓடிக்கிட்டிருந்துச்சு" என்று நான் சொல்வேன். இதை எந்த மொழியில் சொன்னாலும், இந்தப் பொழுதுபோக்கில் உள்ள எல்லாரும் தலையாட்டுவார்கள் என்று நம்புகிறேன். இங்கிலாந்தில் ஸ்கெக்னெஸ் என்ற கடற்கரை ஊரில் மெக்கானோ பிரியர்கள் ஆண்டுதோறும் கூடி மேஜை மேஜையாக மாதிரிகளை ஓடவிடுகிறார்கள். பிரம்மாண்டமான கிரேன்கள், கடிகாரங்கள், தறிகள், ராட்டினங்கள், காகிதத்தில் தானே கோலம் வரையும் யந்திரம் எல்லாம் அங்கே வரும். செய்தவர்களில் பெரும்பாலோர் தலை நரைத்தவர்கள். படங்களில் அவர்கள் கையில் திருப்புளி இருப்பதைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது.

பொம்மை என்று சிரிப்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் வன்னெவர் புஷ் என்பவர் கடினமான வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்க ஒரு பெரிய யந்திரம் அமைத்திருந்தார். அதைப் பார்த்த டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற மான்செஸ்டர் பேராசிரியர், ஆர்தர் போர்ட்டர் என்ற மாணவரைச் சேர்த்துக்கொண்டு, 1934-இல் அதே மாதிரி ஒன்றைப் பெரும்பாலும் மெக்கானோ சாமான்களாலேயே செய்துவிட்டார். சுழலும் வட்டத்தின் மேல் ஒரு சின்னச் சக்கரம் உருளும்; நடுவிலிருந்து அது தள்ளிப் போகப் போக வேகம் கூடும். இந்த ஒரு சூட்சுமத்தை வைத்துத் தொகையிடல் கணக்கைப் பல்சக்கரம் போட்டுவிடும். அணுவின் அமைப்பைப் பற்றிய கணக்குகளை அதில் போட்டார்கள். இதேபோல கேம்பிரிட்ஜில் செய்த ஒன்று நியூசிலாந்து வரை போய், இப்போது ஆக்லாந்து அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

இதை நான் ஒரு மாலையில் மாமியாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மனைவி குறுக்கிட்டு, எவ்வளவு செலவாச்சு என்று கேட்டாள். ஹார்ட்ரீயின் யந்திரத்துக்குச் சுமார் 20 பவுண்டு என்றேன். அவள் அலமாரியிலிருந்து செவ்வாய்ப்பேட்டைக் கடை ரசீதுகளின் கட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அவர் அணுவுக்குக் கணக்குப் போட்டார். நீங்க இதுக்குப் போடுங்க."

கோடை விழாவில் பூக்களால் என்னென்னவோ உருவங்கள் செய்து வைக்கிறார்கள். நாய்களுக்குக்கூடத் தனிக் கண்காட்சி உண்டு. ஓர் ஓரத்தில் நட்டு போல்ட்டுக்காரர்களுக்கும் ஒரு மேஜை கேட்கலாமே என்று மச்சினன் தூண்டிவிடுகிறான். கேட்டால் ஒருவேளை கொடுத்துவிடுவார்கள். அப்புறம் நிஜமாகவே எல்லாம் ஓட வேண்டியிருக்குமே என்பதால் கேட்காமல் இருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் மெக்கானிக்ஸ் பெட்டி ஏதாவது கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முக்கியமாக அந்த நட்டுகளை. மே மாதத்தில் ஏற்காடு வரும்போது கையோடு எடுத்து வாருங்கள். இந்த மலைக் காபியை வீட்டிலேயே வறுத்து அரைத்துப் போட்டுத் தருவோம். டிஃபரென்ஷியலைப் பார்த்த பிறகு.