இதர இனங்கள்

ஒருவர், திட்டங்களுக்குத் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுதித் தரும் ஆலோசகர். மற்றவர், 1980 இல் அந்தப் பதவியே ஒழிக்கப்படும்வரை கிராமக் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பேச்சு இறால் பண்ணை பற்றியது.

ஆலோசகர்: ஐயா, நீங்கள் விஞ்ஞானத்துக்கே விரோதி போலப் பேசுகிறீர்கள். 2022-23 இல் நாட்டிலிருந்து போன உறைந்த இறாலின் மதிப்பு மட்டும் 43,000 கோடி ரூபாய்க்கு மேல். பயன்களுக்கென்றே எங்கள் அறிக்கையில் ஒரு தொகுதி ஒதுக்கியிருக்கிறோம். சமூக விளைவுகளையும் விட்டுவிடவில்லை. பின்னிணைப்பில் ‘இதர இனங்கள்’ என்ற தலைப்பில் இருக்கின்றன.

கணக்குப்பிள்ளை: தம்பி, 1990களின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் கரையோரம் பண்ணைகள் வந்தபோதும் பயன் பக்கம் இப்படித்தான் கனத்துக் கிடந்தது. நஞ்சையில் நட, களையெடுக்க, அறுக்க ஆள் வேண்டும். அதே நிலத்தைக் குளமாக வெட்டி, மோட்டார் வைத்துக் கடல்நீரை ஏற்றிவிட்டால் தீனி போடவும் இராக்காவலுக்கும் சிலர் போதும். உப்பு கசிந்து அண்டை வயலையும் குடிநீர்க் கிணற்றையும் கெடுக்கும். பண்ணைப் பேரேட்டில் இதற்கெல்லாம் ஒரு வரி கிடையாது. அவர்கள் பொய்க்கணக்கு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. கூலி போனவளும் தண்ணீருக்கு அடுத்த ஊர் நடந்தவளும் பண்ணைக்கு ரசீது அனுப்பவில்லை, அவ்வளவுதான். அந்த ரசீதை எழுத வைக்க சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் 1994 இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் வந்து கணக்குப் போட்டது. தமிழ்நாட்டில் பண்ணைகள் ஆண்டுக்கு ஈட்டியதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சேதம். ஆந்திரத்தில் நான்கு மடங்குக்கும் மேல்.

ஆலோசகர்: அந்தக் கணக்கைத் தொழில்துறை ஒப்புக்கொள்ளவே இல்லையே! கிணற்றுக்கு எப்படி விலை போடுவது? எல்லாம் உத்தேசம்.

கணக்குப்பிள்ளை: உத்தேசம்தான். சேதத்தைப் பாதியாகவே குறைத்துக்கொள்ளுங்கள். ஆந்திரத்தில் அப்போதும் நட்டம் வருமானத்தைப் போல இரண்டு மடங்கு நிற்கிறது. தமிழ்நாட்டில் உங்கள் பக்கம் தேறிவிடும், மறுக்கவில்லை. ஆனால் தேறுவது மொத்தக் கூட்டலில் மட்டும். வரவு ஒருவர் வங்கிக் கணக்கில் விழுகிறது, பற்று இன்னொருத்தியின் தண்ணீர்க் குடத்தில் விழுகிறது. இரண்டு பேர் கணக்கை ஒன்றாகக் கூட்டி நிகர இலாபம் காட்ட எந்த ஜமாபந்தியிலும் விடமாட்டார்கள். வரவு பெற்றவர் மற்றவளுக்கு ஈடுகட்டினால் அந்தக் கூட்டலுக்கு அர்த்தமுண்டு. கட்டினாரா என்று உங்கள் அறிக்கையில் தேடிப் பார்த்தேன். ‘இதர இனங்க’ளிலும் இல்லை. விலை போட முடியாதது என்கிறீர்களே, அந்த இடத்தில் மட்டும் தவறாமல் பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள். அதுவும் ஒரு விலைதானே?

ஆலோசகர்: ஐயா, அது பழைய வரி இறால் காலம். 2009 முதல் வனாமி என்ற வேறு இறால். தாய் இறால் வெளிநாட்டிலிருந்து வந்ததும் நீலாங்கரையில் தனிமைப்படுத்தி, வைரஸ் இல்லை என்று உறுதிசெய்த பிறகே குஞ்சுப் பொரிப்பகத்துக்குப் போகிறது. விளைநிலத்தைப் பண்ணையாக மாற்றக் கூடாது என்று விதிமுறையும் வந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை: நல்ல விதி. 1994 இல் ஜனங்கள் கத்தியது நியாயம்தான் என்று தாமதமாக எழுதிக் கொடுத்த ஒப்புதல் சீட்டாக அதை வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தம்பி, இறால் உள்ளே வருமுன் சோதனை, ஊர் கெட்ட பிறகு ஊருக்குச் சோதனை. இந்த வரிசையை யார் வைத்தது? முதலீட்டாளர் எதை இழக்கக்கூடுமோ அதை முன்கூட்டியே அளக்கிறீர்கள். மற்றவர்கள் இழப்பதை வழக்குப் போட்டால் அளக்கிறீர்கள். அப்படி அளந்து 1996 டிசம்பரில் தீர்ப்பும் வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மரபு முறை தவிர்த்த பண்ணைகளை இடிக்கச் சொன்னது. வேலை போகும் பண்ணைத் தொழிலாளிக்கு ஆறாண்டு ஊதியம் கணக்கிட்டுக் கொடுக்கவும் சொன்னது. மூடுவதால் யாருக்கு நட்டம் என்றுகூட யோசித்த கணக்கு அது. பிறகு 2005 இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, அந்த மண்டலத்தை வகுத்த 1991 இன் கடலோர அறிவிக்கை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குப் பொருந்தாது, தொடக்கத்திலிருந்தே பொருந்தியதில்லை என்று வைத்துக்கொள்ளச் சொன்னது. அடங்கலில் நான் இப்படி ஒரு வரியைப் பின்தேதியிட்டு எழுதியிருந்தால் தாசில்தார் என்னைக் களி தின்ன அனுப்பியிருப்பார்.

ஆலோசகர்: எல்லா விளைவும் தெரிந்த பிறகுதான் தொழில்நுட்பம் வரவேண்டுமென்றால் ஊரில் ஒரு மின்கம்பம்கூட நட்டிருக்க முடியாது!

கணக்குப்பிள்ளை: எல்லாம் தெரிய வேண்டுமென்று யார் கேட்டது? தொண்ணூறுகளின் நடுவில் வெண்புள்ளி வைரஸ் வந்து குளம் குளமாக இறாலை அழித்தது. அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களைப் பிடித்தால் அநியாயம். அது தெரியாத விளைவு. உப்புத் தண்ணீரைத் தேக்கினால் பக்கத்து மண் உவராகும் என்பது கடைமடை விவசாயி எவருக்கும் தெரியும். நடவு இல்லாவிட்டால் நடவுக் கூலி இல்லை என்பதற்கு ஆராய்ச்சி நிறுவனமே வேண்டாம். தெரிந்தும் எழுதாமல் விட்டதைத் தெரியாததோடு சேர்த்து முடிச்சுப் போட்டு, ‘எதிர்பாராத விளைவுகள்’ என்று பெயர் வைத்துவிடுகிறீர்கள். யார் எதிர்பார்க்கவில்லை? வயலில் இறங்கியவளைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள். அவளைக் கேட்பதற்குச் செலவும் அதிகமில்லை, உங்கள் பயணப்படியை விடக் குறைவு.

ஆலோசகர்: கேட்கத்தான் போகிறோம் ஐயா. அடுத்த வாரம் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். அறிக்கை நேற்றே அச்சுக்குப் போய்விட்டது.

கணக்குப்பிள்ளை: ஊர் வேண்டாம் என்றால்?

ஆலோசகர்: அதற்கும் பத்தி இருக்கிறது. ‘தொடக்கத்தில் சிலர் தயக்கம் தெரிவித்தபோதிலும், விளக்கம் அளிக்கப்பட்டபின் அனைவரும் வரவேற்றனர்.’

கணக்குப்பிள்ளை: அந்தச் சிலரில் என் பெயரும் உண்டா?

ஆலோசகர்: பெயர் போட்டாயிற்று ஐயா. கையெழுத்துக்குத்தான் இடம் விட்டிருக்கிறோம்.