பொருள்: இணைப்பு கோருதல் – தொடர்பாக

சென்னை
மார்ச் 2000

பெறுநர்:
உயர்திரு பொது மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.
(நிறுவனத்தின் பெயர் தங்களுக்கே தெரியும்.)

பார்வை: தங்கள் உதவி மையத்துடன் நான் நடத்திய 17 தொலைபேசி உரையாடல்கள். அவற்றில் ஒன்பதில் மனிதர்கள் பேசினார்கள், மீதி எட்டில் கீபோர்டு இசை.

ஐயா,

மூன்று மாதச் சந்தா கட்டித் தங்களிடம் இணையக் கணக்கு வாங்கியவர்களில் நானும் ஒருவன். வங்கி எழுத்தர். எங்கள் கிளையில் லெட்ஜர் ஓடுவது யூனிக்ஸில். காலையில் கறுப்புத் திரை 'லாகின்' என்று கேட்கும், பெயரைச் சொன்னால் உள்ளே விடும், மாலையில் கணக்கு நேராகும். அந்த மரியாதையில், பத்திரிகையோடு இலவசமாக வந்த, அதே யூனிக்ஸ் ஜாடையுள்ள லினக்ஸ் சிடியை வீட்டுக் கணினியிலும் ஏற்றிவிட்டேன். என் குற்றம் அவ்வளவுதான்.

டெலிபோன் வழியே இணையத்தை எட்டிப்பிடிக்க மோடம் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். (யூனிக்ஸை உருவாக்கிய இருவரில் ஒருவர் டென்னிஸ் ரிச்சி. தெருவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்றாலும் அன்று அதை நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.) முதலில் வாங்கியது கணினிக்குள் செருகும் அட்டை. விலை சல்லிசு. ஏன் சல்லிசு என்பது வீட்டுக்கு வந்தபிறகு தெரிந்தது. மோடம் செய்யவேண்டிய வேலையை எல்லாம் விண்டோஸ் தலையில் கட்டிவிட்டு, அட்டையில் டெலிபோன் ஒயர் செருகும் ஓட்டையை மட்டும் வைத்திருக்கிறார்கள். வின்மோடம் என்று அதற்குப் பெயர். நாதஸ்வரத்தை விற்றுவிட்டுச் சீவாளியை வேறொருவர் வீட்டில் வைத்த கதை. மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைப் பையன் சிரித்தான். "லினக்ஸுக்குன்னு முதல்லயே சொல்லக் கூடாதா சார்? வெளிய வைக்கிற மோடம் எடுங்க." கூடப் பணம் போட்டு வாங்கினேன். சிவப்பு விளக்குகள் வரிசையாக மினுங்கும் கறுப்புப் பெட்டி. அந்தப் பையனுக்குத் தெரிந்ததில் பாதி தங்கள் உதவி மையத்துக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது.

என் பங்குத் தவறுகளை ஒளிக்கவில்லை. விண்டோஸ் 'காம்-2' என்னும் மோடம் போர்ட்டை லினக்ஸ் 'டிடிஒய்எஸ்-1' என்கிறது. ஒருவர் ஒன்றிலிருந்து எண்ணுகிறார், மற்றவர் பூஜ்யத்திலிருந்து. அதில் ஒரு நாள் போனது. அடுத்த நாள் 'போர்ட் பூட்டப்பட்டிருக்கிறது, பூட்டியவர் இன்ன எண்' என்று செய்தி வந்தது. பேருந்து ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதே ஏற்பாடுதான். மோடத்தை எடுக்கும் நிரல் தன் எண்ணை ஒரு கோப்பில் எழுதிப் போட்டுவிடும், அது எழுந்திருக்கும்வரை வேறு யாரும் உட்கார முடியாது. துண்டு போட்ட ஆசாமி யார் என்று தேடினால், இன்னொரு திரையில் நானே திறந்து வைத்து மறந்துபோன மினிகாம் என்ற மோடம் நிரல்.

மோடத்தோடு பேசுவது எளிது. ஒவ்வொரு கட்டளையும் 'ஏடி' என்று தொடங்கும். 'கவனி' என்பதன் சுருக்கம். 1981இல் ஹேய்ஸ் நிறுவனம் தன் ஸ்மார்ட்மோடத்துக்கு வகுத்த பாஷை அது, இன்றுவரை எல்லாப் பெட்டிக்கும் புரிகிறது. நான் 'கவனி' என்று தட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் 'ஓகே' என்கிறது. பத்தொன்பது வருஷப் பழைய ஏற்பாட்டில் இவ்வளவு பணிவு. தங்கள் மையத்தில் நான் 'கொஞ்சம் கவனிங்க' என்று சொன்னதற்கு வந்த பதிலெல்லாம் மேலே பார்வையில் உள்ளது.

டயல் செய்யும்போது அது போடும் சத்தம் வேறு. முதலில் டயல் டோன், பிறகு ஒரு கீச்சல், பிறகு சூடான மணலில் கடலை வறுப்பதுபோல ஓர் இரைச்சல். "ஏங்க, ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் பூனையை மறுபடியும் கத்த விடுறீங்களா?" என்று மனைவி கேட்டாள். பூனையின் வாயைக் கட்டும் கட்டளை 'ஏடிஎம்0'. வங்கிக்காரன் என்பதால் அதைத் தட்டும்போதெல்லாம் பணம் வராத இயந்திரம்தான் நினைவுக்கு வருகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் தந்த வழிகாட்டிப் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில், இணைப்பு கிடைத்ததும் 'லாகின்' கேட்கும், பிறகு 'பாஸ்வேர்டு' கேட்கும், கொடுக்கவும் என்று அச்சாகியிருக்கிறது. அதை நம்பி ஒரு சாட் ஸ்கிரிப்ட் எழுதினேன். சாட் என்றால் அரட்டை இல்லை, ஐயா. அவர் இதைச் சொன்னால் நீ இதைச் சொல் என்று கணினிக்கு எழுதிக்கொடுக்கும் வசன ஏடு. அதில் 'லாகின்' என்று முழுசாகக்கூட எழுதமாட்டார்கள். முதல் எழுத்து பெரிய எழுத்தா சின்ன எழுத்தா தெரியாது, வரும் வழியில் உதிர்ந்தும் போகலாம் என்பதால் அதை விட்டுவிட்டு 'ஓகின்' வரும்வரை காத்திரு என்று எழுதுவார்கள். அப்படித்தான் எழுதினேன்.

பூனை கத்தியது, 'கனெக்ட்' வந்தது. 'ஓகின்' வரவில்லை. கணினி நாற்பத்தைந்து விநாடி வாசலில் நின்றுவிட்டுப் போனை வைத்துவிட்டது. மறுபடி, மறுபடி, இரண்டு மாதம்.

உதவி மையத்தை அழைத்தேன்.

"ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்க சார்."

"என்கிட்ட ஸ்டார்ட் பட்டன் இல்லம்மா, இது லினக்ஸ்."

"லினக்ஸ்னா எந்த விண்டோஸ் சார், தொண்ணூத்தஞ்சா தொண்ணூத்தெட்டா?"

அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை. அவள் கையில் கொடுத்ததும் ஒரு சாட் ஸ்கிரிப்ட்தான். நான் அவள் எதிர்பார்த்த வசனத்தைச் சொல்லவில்லை, போனை வைத்துவிட்டாள். மேற்பார்வையாளர் என்று வந்தவர், "யூனிக்ஸெல்லாம் டெலிபோன் லைனுக்குச் சரிப்படாது சார்" என்றார்.

இதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். யூனிக்ஸ் பிறந்ததே டெலிபோன் கம்பெனி வீட்டில். 1969இல் கென் தாம்ப்ஸனும் ரிச்சியும் அதைத் தொடங்கிய பெல் லேப்ஸ், அமெரிக்க டெலிபோன் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம். 1979இல் வந்த ஏழாம் பதிப்பிலேயே, ஒரு யூனிக்ஸ் இன்னொரு யூனிக்ஸைத் தானாக டயல் செய்து கடிதங்களைப் பரிமாறிக்கொள்ளும் யூயூசிபி இருந்தது. லினக்ஸின் கதையும் அதுதான். 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், பல்கலைக்கழக யூனிக்ஸ் கணினியை வீட்டிலிருந்து மோடம் வழியாக எட்டிப்பிடிக்க எழுதிய சின்ன நிரல்தான் வளர்ந்து லினக்ஸ் ஆயிற்று. ஒரு நாள் அவர் கைதவறி, டயல் கட்டளையை மோடத்துக்கு அனுப்பாமல் ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டார். டிஸ்க் டயல் செய்யவில்லை; அதிலிருந்த மினிக்ஸ் என்ற இயங்குதளம் அழிந்ததுதான் மிச்சம். இப்படித் தன் வீட்டையே பணயம் வைத்துப் போன் போட்ட குடும்பத்தைப் பார்த்து லைனுக்குச் சரிப்படாது என்பது அடுக்காது, ஐயா.

பிறகு ஒரு ராத்திரி, ஸ்கிரிப்டை ஓரமாக வைத்துவிட்டு மினிகாமில் கையாலேயே டயல் செய்து பார்த்தேன். 'கனெக்ட்' வந்த உடனே திரையில் நெளிந்த கோடு, வளைந்த அடைப்புக்குறி, மறுபடி நெளிந்த கோடு என்று ஒரே கிறுக்கல். உதவி மையத்துக்குச் சொன்னேன். "லைன்ல நாய்ஸ் சார், எக்ஸ்சேஞ்சுல கம்ப்ளெய்ண்ட் குடுங்க." கொடுத்தேன். லைன்மேன் வந்து ஒயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, டீக்குக் காசு வாங்கிக்கொண்டு, "லைன் கண்ணாடி மாதிரி இருக்கு சார்" என்றார்.

பதினேழாவது அழைப்பு நள்ளிரவில். எடுத்தவர் ஓர் இளைஞர். கிறுக்கலை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், அது நாய்ஸ் இல்ல, பிபிபி. எங்க சர்வர் லாகின் கேக்கறத நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சு. பேப் போடுங்க. ஸ்கிரிப்ட்ல கனெக்டோட நிறுத்திடுங்க, பாஸ்வேர்டை பேப்-சீக்ரெட்ஸ் ஃபைல்ல எழுதிடுங்க" என்றார்.

நான் இரைச்சல் என்று நினைத்தது, பிபிபி என்ற இணைப்பு பாஷையில் தங்கள் சர்வர் எனக்குச் சொன்ன வணக்கம்! நான் 'லாகின்' என்ற பழைய வார்த்தைக்காகத் திண்ணையில் காத்திருந்திருக்கிறேன், அது உள்ளேயிருந்து வேறு பாஷையில் வா வா என்று அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. 'பேப்' என்ற ஒரு சொல்லை நான்காம் பக்கத்தில் அச்சடித்திருந்தால் போதும். (பேப் முறையில் கடவுச்சொல் அஞ்சலட்டையில் எழுதியதுபோல அப்படியே திறந்தபடி போகும் என்பது வேறு சங்கதி. அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதலாம்.)

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் தம்பி?" என்று கேட்டேன்.

"உள்ள இருக்கற மெஷின் அத்தனையும் யூனிக்ஸ்தான் சார். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன். எந்தத் தேதி என்பதையும் இதில் எழுதவில்லை. தாங்கள் அவரைத் தேடவேண்டாம். கிடைத்தால் அந்த நான்காம் பக்கத்தை அவரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

அன்று பன்னிரண்டே முக்காலுக்குப் பூனை கத்தியது, கிறுக்கல் வந்தது, பிபிபி அதற்குப் பதில் வணக்கம் சொன்னது, எனக்கென்று ஓர் ஐபி எண் ஒதுக்கப்பட்டது. நெட்ஸ்கேப்பில் ஒரு பக்கம் மேலிருந்து கீழாக, ஓலைத் தட்டி இறங்குவதுபோல மெதுவாக இறங்கியது. மனைவியை எழுப்பிக் காட்டினேன். "இதுக்கா?" என்றாள்.

அது சந்தாவின் 87ஆம் நாள். மூன்று நாள் கழித்துக் கணக்கு காலாவதி ஆகிவிட்டது. டயல் செய்தால், 'பேப் சரிபார்ப்பு தோல்வி' என்று என் லினக்ஸ் மிகத் தெளிவாகச் சொல்கிறது. கிறுக்கல்கூட இல்லை. பயன்படுத்த முடியாமல் போன 86 நாட்களைக் கணக்கில் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(கையொப்பம்)

இணைப்பு: இல்லை.