ராஜகோபுரத்துக்கு எதிரே

கேள்வி: ஸ்ரீரங்கம் கோயில் எதிரில் பெரியார் சிலை, பக்தர்களை உறுத்தாதா?
– திருவானைக்காவல் வாசகர்

பதில்: உறுத்தல் கொண்டவர்கள் 2006 டிசம்பரில், திறப்பு விழாவுக்கு முன்பே சிலையின் தலையை உடைத்துப் பார்த்தார்கள். அதே மாதம் பெரியார் வெண்கலத்தில் திரும்பி வந்துவிட்டார்! பெரியார் சிலைப் பீடங்களில் உள்ள கடவுள் மறுப்பு வாசகங்களை நீக்கக் கோரிய வழக்கை 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடவுளைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஒருவருக்கு இருக்கும் உரிமை, அதை மறுப்பவருக்கும் உண்டு என்பது தீர்ப்பின் சாரம். அந்தச் சிலையால் மார்கழிக் கூட்டம் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. 236 அடி கோபுரத்துக்கு எதிர்க்கருத்தைத் தாங்கும் தெம்பு உண்டு.

கேள்வி: முஸ்லிம் வீட்டுப் பிள்ளை இறைவனே இல்லை என்றால் மார்க்கம் என்ன சொல்கிறது?
– பாலக்கரை வாசகி

பதில்: அது குஃப்ர், அதாவது இறைமறுப்பு; பெரும்பாவம். மார்க்கத்தை விட்டு வெளியேறிய ஆணுக்கு மரண தண்டனை என்றே பழைய சட்ட அறிஞர்கள் எழுதினார்கள். ஆனால் மார்க்கத்தில் கட்டாயம் கூடாது என்கிறது குர்ஆன் (2:256). அந்தத் தண்டனை போர்க்காலத் துரோகத்துக்கானது, வெறும் மறுப்புக்கு மறுமையில் இறைவனே கணக்குக் கேட்பான் என்று இன்றைய அறிஞர்கள் பலர் வாதிடுகிறார்கள். எனக்கு அவர்கள் கட்சிதான் சரி. ஏனென்றால் இது ஏட்டோடு நிற்கும் சர்ச்சை அல்ல. 2017 மார்ச்சில் கோவையில் திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர் பாரூக், நாத்திகம் பேசியதற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 31. மகன் இருந்த இயக்கத்தில் தானும் சேருவேன் என்றார் அவருடைய அப்பா. இறைவனிடம் விட வேண்டிய கணக்கை அரிவாளோடு தீர்க்கப் போனவர்களைவிட, அந்தத் தகப்பன் எனக்குப் பெரியவர்.

கேள்வி: பெரியார் இஸ்லாத்தை மட்டும் விட்டுவைத்தாராமே?
– தில்லைநகர் வாசகர்

பதில்: சாதி இழிவு நீங்க இஸ்லாத்துக்குப் போகலாம் என்று 1947இல் திருச்சியில் பேசியவர்தான். அவர் போகவில்லை! அவருக்குப் பிடித்தது பள்ளிவாசல் வரிசையில் தோளோடு தோள் நிற்கும் சமத்துவம். பர்தாவை அவர் விட்டுவைக்கவில்லை.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகன் பெருமாள் சேவிக்க வரமாட்டேன் என்கிறான். இழுத்துக்கொண்டு போகலாமா?
– ஸ்ரீரங்கம் வாசகி

பதில்: காலைத்தான் இழுக்க முடியும் அம்மா, மனசை முடியாது. பெரியாரின் பெற்றோரே பழுத்த வைணவர்கள். அவரும் ஈரோட்டில் தேவஸ்தானக் கமிட்டித் தலைவராக இருந்தவர். கோயில் நிர்வாகத்தை அவ்வளவு அருகில் பார்த்தவர் பின்னாளில் என்ன பேசினார் என்பது ஊரறிந்த கதை. ஆகவே பையன் எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறான் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் சேவித்துவிட்டு வாருங்கள். சர்க்கரைப் பொங்கலில் அவனுக்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள்.